நார்மல் ஜன்னல் நாலு

என் கணவர் கிபாயத்துல்லாவோடு யார் வீட்டுக்குப் போனாலும் எனக்கு வரும் பயம் ஒன்றுதான். அவர் அந்த வீட்டு மனிதர்களைப் பார்க்க மாட்டார். ஜன்னலைப் பார்ப்பார்.

கீழ்க்கட்டளையில் எங்கள் வீட்டுக்குக் கீழேயே கடை. ஜன்னலுக்குக் கொசு வலை அடித்து மாட்டுகிற தொழில், பதினாலு வருடமாக. இந்தப் பக்கம் ஏரிக்குப் பஞ்சமா, சாக்கடைக்குப் பஞ்சமா? கொசு எங்களை ஒரு நாளும் கைவிட்டதில்லை. தொழில் நன்றாகவே நடக்கிறது. ஊட்டிக்குக்கூட ஒரு தடவை போனோம். கொசுவே இல்லாத ஊரில் மனிதர் இரண்டாம் நாளே முகம் வாடிப்போய் திரும்பலாமா என்று கேட்டார்.

எங்கள் மகள் சோயா பிறந்தபோது, குழந்தையைக் கையில் வாங்கி, காதில் பாங்கு சொல்லி முடித்ததும் அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி, "சிஸ்டர், இந்த ரூம்ல கொசு வராதா?" அந்த சிஸ்டர் வீட்டுக்கு அடுத்த வாரமே மூன்று ஜன்னல் மாட்டினார். அளக்கும் டேப் எப்போதும் பேன்ட் பாக்கெட்டில் இருக்கும். வாஷிங் மெஷினுக்குள் அது கடகடவென்று உருளுகிற சத்தத்தை வைத்தே, ஐயோ மறுபடியும் எடுக்காமல் போட்டுவிட்டேன் என்று ஓடுவேன்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பல்லாவரத்தில் என் பெரிய மாமு மவுத்தான துக்க வீட்டில் அவர் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஹஜ்ரத் துஆ ஓதிக்கொண்டிருக்கிறார். எல்லோரும் கையேந்தி ஆமீன் சொல்கிறார்கள். இவரும் ஏந்தித்தான் இருந்தார். கண் மட்டும் ஹால் ஜன்னலில் மேலிருந்து கீழே போய், இடமிருந்து வலம் போய், திரும்பி வந்தது. துஆ முடிந்ததும் எழுந்து போய் ஜன்னலுக்கு முதுகைக் காட்டித் தலை குனிந்து நின்றார். பாவம், மனம் உடைந்து நிற்கிறார் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். பெண்கள் இருந்த அறையிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் அவர் கை ஜன்னலுக்குச் சாண் போட்டுக்கொண்டிருந்தது.

யாராவது அவரை நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். மூன்றாம் நாள் மாமுவின் மகனே போன் செய்து ஆறு ஜன்னலுக்குச் சொன்னான். கடைசிக் காலத்தில் அத்தாவைக் கொசு ரொம்பப் படுத்திவிட்டது என்று அழுதானாம்.

அன்றைக்கு நான் வெடித்தேன்.

"மச்சான், எனக்கு ஒரு நார்மல் வாழ்க்கை வேணும்."

"நார்மல்னா எப்படி?"

"காலையில டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டுப் போகணும். சாயங்காலம் ஆறரைக்கு வந்துடணும். ஞாயித்துக்கெழமை லுங்கி கட்டிக்கிட்டு சும்மா உட்காரணும். என் தம்பி யாசீன் இல்ல, அந்த மாதிரி."

"சும்மா உட்கார்ந்து என்ன பண்ணணும்?"

"சும்மா உட்காரணும். அவ்வளவுதான்."

அவர் யோசித்தார். அவருக்கு அது புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சாண் போட்டதற்காக மட்டும் அழவில்லை. பதினாலு வருடமாகச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தது அவர் இல்லை, அவருடைய போன். தட்டில் தோசை ஆறிக்கொண்டிருக்கும். "சொல்லுங்க சார், பெட்ரூமா, கிச்சனா?" என்று அவர் பேசிக்கொண்டிருப்பார். நான் அந்தத் தோசையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சண்டை போட்டால் பதிலுக்குச் சண்டை போடுகிற ஆளாக இருந்தால் பிழைத்தேன். இவர் கேட்டுக்கொள்கிற ஆள். பத்தே நாளில் ஒரு வேலையோடு வந்து நின்றார்.

அலுமினியம் வாங்குகிற இடத்தில் பழக்கமான ஜீவானந்தம் சாருக்குக் கிண்டியில் ஒரு கம்பெனி. பெரிய ஆபீஸ் கட்டடங்களுக்குக் கண்ணாடி போடுகிறவர்கள். வா வா என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், "ஒரு வாரம் வந்து பாருங்க கிபாயத். பிடிச்சுதுன்னா ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வந்து லெட்டர்ல கையெழுத்துப் போடுங்க. வீட்ல அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தார்.

கையெழுத்துப் போட்டால் கடையை மூடிவிடுவது என்று பேசி முடித்தோம். அலுமினியச் சட்டம் அறுக்கிற மெஷினைக் கேட்டு மேடவாக்கத்தில் ஒருவர் தயாராக இருந்தார். அந்த ஒரு வாரம் கடை போனை நான் எடுத்துப் பேசுவது, கைவசம் இருக்கிற வேலையைச் சவுரிமுத்து முடிப்பது என்று ஏற்பாடு. சவுரிமுத்து எங்களிடம் ஆரம்பத்திலிருந்து இருப்பவர். எங்களிடம் வருவதற்கு முன்பும் அவருக்கு ஜன்னல் வேலைதான்.

திங்கட்கிழமை சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் போட்டு, டிபன் பாக்ஸோடு படியிறங்கினார். சோயா போட்டோ எடுத்தாள். "அத்தா, பேங்க் மேனேஜர் மாதிரி கீறீங்க" என்று சவுரிமுத்துவின் பாஷையிலேயே கிண்டல் செய்தாள். டேப்பைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் போனார். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. கதவைச் சாத்திவிட்டு டீ போட்டேன். முதல் வாய் குடிப்பதற்குள் போன் அடித்தது.

"கொசு வலைங்களா? நார்மல் ஜன்னல் நாலு இருக்கு. எவ்வளவு ஆகும்?"

கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டுக் கீழே போய்ச் சவுரிமுத்துவிடம் சொன்னேன்.

"அண்ணா, நாலு நார்மல் ஜன்னலாம்."

அவர் அறுத்துக்கொண்டிருந்த சட்டத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "இன்னா பாயம்மா சொல்றே. முப்பது வருசமா ஜன்னலு வேலை பார்த்துகினு கீறேன். நார்மல் ஜன்னலுன்னு ஒண்ணக்கூட இன்னும் பார்த்தது இல்ல. போயி அளந்தாத்தான் தெரியும் அது எத்தினி கோணலுன்னு."

அன்றைக்குப் பன்னிரண்டு போன் வந்தது. பன்னிரண்டு பேரும் நார்மல் ஜன்னல் என்றுதான் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை பீர்க்கன்கரணையிலிருந்து திரிபுரசுந்தரி டீச்சர் கூப்பிட்டார். ரிடையரானவர், வீட்டில் தனியாக இருக்கிறார். அளவெடுக்க இன்றைக்கே வந்தால் உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்று வகுப்பறைக் குரலில் சொன்னார். சவுரிமுத்து சேலையூரில் ஏணி மேல் இருந்தார். வேறு ஆளைப் பார்க்கிறேன் என்ற சொல் எனக்கு ஏன் அப்படிச் சுருக்கென்று தைத்தது என்று தெரியவில்லை. மூடப்போகிற கடைதானே, பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கலாம். ஃப்ரிட்ஜ் மேலிருந்த டேப்பை எடுத்து ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியைக் கிளப்பினேன்.

அளப்பதில் என்ன பெரிய வித்தை? பதினாலு வருடமாகப் பார்க்கிறேனே. ஜன்னலுக்கு நடுவில் அகலத்துக்கு ஒரு தடவை, உயரத்துக்கு ஒரு தடவை டேப்பைப் பிடித்தேன். எழுதிக்கொண்டேன். டீச்சர் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "வியாழக்கிழமை மாட்டிடுவோம்" என்று ஏதோ நானே கடையைத் திறந்தவள் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

அவர் ஆறரைக்குச் சரியாக வந்தார். கைகால் கழுவினார். டிவி முன்னால் உட்கார்ந்தார். நான் கேட்டது அப்படியே கிடைத்திருந்தது.

"ஆபீஸ் எப்படி மச்சான்?"

"நல்லா ஏசி போட்டு இருக்கு. ஜன்னலு எல்லாம் சீல் பண்ண கண்ணாடி. ஒண்ணுகூடத் திறக்காது."

"நல்லதுதானே. கொசுவே வராது."

"ஆமா, வராது" என்றார். சோறு உப்பில்லாமல் இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

புதன்கிழமை ரயில் கதை சொன்னார். தினமும் பல்லாவரத்தில் ஏறுகிற பெட்டியில் பழக்கமான கும்பல் ஒன்று இருக்கிறதாம். எல்லோர் கழுத்திலும் அடையாள அட்டை, எல்லோரும் மாதச் சம்பளக்காரர்கள். நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா என்று இவருக்குக் கூச்சம். இரண்டாம் நாளே ஒருவர் மலைத்தேன் வேண்டுமா என்று கேட்டாராம். இன்னொருவர் மறைமலைநகரில் மனை இருக்கிறது என்றாராம். கணக்குப் பிரிவில் இருக்கிற ஒரு அம்மா, சுடிதார் துணிகளை மடியில் விரித்துக் காட்டிக்கொண்டு வந்தாராம். கிண்டியில் இறங்குவதற்குள் ஒரு பாட்டில் தேன் வாங்கும்படி ஆகிவிட்டது.

"நார்மல் ஆளுங்க எல்லாரும் ஏதாவது ஒண்ணு வித்துக்கிட்டுத்தான் இருக்காங்க சித்திகா. நான் ஒருத்தன்தான் சும்மா போயிட்டு வர்றேன்."

பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "இன்னைக்குப் போன் ஏதாவது வந்துச்சா?" என்றார்.

"ஆபீஸ் போற மனுஷனுக்கு அது எதுக்கு? டிவி பாருங்க" என்றேன். பதினேழு போன் வந்திருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்கு மனமில்லை. அது என்னுடையதாக இருக்கட்டும் என்று தோன்றியது. இப்படித் தோன்றியதை நினைத்து எனக்கே கொஞ்சம் திக்கென்றது.

வியாழக்கிழமை மானம் போனது. டீச்சர் வீட்டு ஜன்னலில் வலையை வைத்தால் மேலே இறங்கவே இல்லை, கீழே ஒரு விரல் இடைவெளி. டீச்சர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"ஏம்மா, இந்த சந்து கொசு உள்ள வர்றதுக்கா, வெளிய போறதுக்கா?"

சவுரிமுத்து என்னைப் பார்த்தார். "எத்தினி எடத்துல புடிச்சே பாயம்மா?"

"நடுவுல ஒரு தடவை."

தலையில் அடித்துக்கொண்டார். "மேல, நடு, கீய. மூணு எடத்துல புடிக்கணும். எது கம்மியோ அத்த எய்திக்கணும். மேஸ்திரி டீ குடிக்கப் போற நேரத்துல வச்ச செங்கல்லு ஒரு பக்கம் போவும், வந்து வச்சது ஒரு பக்கம் போவும். இது தெரியாம பாய் வூட்டுல இத்தினி வருசம் இன்னா பண்ணிகினு இருந்தே?"

தோசை சுட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாய் வந்தது. டீச்சர் முன்னாலேயே மூன்று இடத்தில் பிடித்து அளந்தேன். மூன்றும் மூன்று அளவு. வீடு முழுக்க ஐந்து ஜன்னல், ஒன்றுகூட இன்னொன்றைப் போல் இல்லை. இரவெல்லாம் எனக்கு எரிச்சல், டீச்சர் மேல் இல்லை, என் மேல்தான். யாசீன் இந்நேரம் குறட்டை விட்டுக்கொண்டிருப்பான் என்று அவன் மேலும் கொஞ்சம்.

வெள்ளிக்கிழமை புதிதாகச் சட்டம் அறுத்துக் கொண்டுபோய் மாட்டினோம். கடைசி ஜன்னல் முடியும்போது சாயங்காலம் ஆறு இருக்கும். ஏரிப்பக்கத்திலிருந்து கொசு கூட்டமாகக் கிளம்புகிற நேரம். டீச்சர் பழக்கத்தில் ஜன்னலைச் சாத்தக் கையை நீட்டினார். "சாத்தாதீங்க டீச்சர், சும்மா விட்டுப் பாருங்க" என்றேன்.

கொசுக்கள் வந்து வலையில் மொய்த்தன. ஒன்றுகூட உள்ளே வரவில்லை. காற்று மட்டும் வந்தது. அடுப்படிக் காலண்டர் தாள் படபடத்தது. டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஜன்னலுக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"பதினோரு வருஷமா ஆறு மணி ஆனா இந்த ஜன்னலைச் சாத்திடுவேன். அவர் போனதுக்கப்புறம் சாயங்காலக் காத்தே இந்த வீட்டுக்குள்ள வந்ததில்ல" என்றார். பிறகு எங்களை மறந்துவிட்டார்.

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சோயா ஏழாம் வகுப்பில் முதல் ரேங்க் எடுத்ததற்குக்கூட இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை என்று சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள். ஸ்கூட்டியில் திரும்பும்போது ஜிஎஸ்டி ரோடு முழுக்க ஜன்னல்களாகத் தெரிந்தன. சாத்திய ஜன்னல், பாதி திறந்தது, பழைய புடவையைக் கட்டி வைத்தது. சானடோரியம் சிக்னலில் ஒரு மாடி வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். பின்னாலிருந்த ஆட்டோக்காரர், "இன்னாம்மா, பச்சை வுட்டு எத்தினி நேரம் ஆவுது" என்று ஹாரனை அமுக்கினார்.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் எனக்காகக் காத்திருந்தார். அவரே தோசை சுட்டு வைத்திருந்தார். உட்கார்ந்து ஒரு வாய் பிட்டதும் போன் அடித்தது. எடுத்தேன். "சொல்லுங்க சார். பெட்ரூமா, கிச்சனா? நார்மல்னு எல்லாம் சொல்ல முடியாது சார், வந்து பார்த்தாத்தான் தெரியும்" என்று பேசிக்கொண்டே போனேன். எவ்வளவு நேரம் பேசினேனோ. வைத்துவிட்டுத் திரும்பினால் அவர் எதிரே உட்கார்ந்து, என் தட்டில் ஆறிப்போன தோசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தோசையை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, கல்லில் சூடாக இருந்ததை எனக்குக் கொண்டுவந்து வைத்தார். இவருக்கு நான் ஒரு நாள்கூட இப்படி மாற்றி வைத்ததில்லை. ஆறட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று விட்டுவிடுவேன்.

அவரிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டாம் என்று. எந்த வாயால் சொல்வது? அழுது அடம்பிடித்துக் கேட்டவள் நான். ஒரு வாரத்தில் வேண்டாம் என்றால் இது என்ன பைத்தியமா என்று நினைக்க மாட்டாரா? அவருக்கும் அந்த வேலை பிடித்துப்போயிருந்தால்? சனிக்கிழமை முழுக்க இப்படியே போனது. அவர் லுங்கி கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிட்லபாக்கத்தில் ஜீவானந்தம் சார் வீட்டுக்குப் போனோம். ஏரியைப் பார்த்த இரண்டாவது மாடி. அவர் மனைவி ஞானஜோதி கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தார். டீப்பாய் மேல் லெட்டர், பக்கத்தில் பேனா.

"நிதானமாப் படிச்சுப் பாருங்க கிபாயத்" என்றார் ஜீவானந்தம். இவர் லெட்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அப்போது ஆறு மணி ஆனது. ஞானஜோதி எழுந்துபோய் ஜன்னல்களை ஒவ்வொன்றாக, பட் பட் என்று சாத்த ஆரம்பித்தார். ஹால் புழுங்கியது. "ஏரியைப் பார்த்த வீடுன்னு ஆசைப்பட்டு வாங்கினோம். சாயங்காலம் ஆறு மணியோட எங்களுக்கும் ஏரிக்கும் சம்பந்தம் இல்ல" என்று சிரித்தார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடிவாதமாக, கழுத்து நரம்பு தெரியும்படி, ஒரு டைல்ஸ் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினாலு வருடத்தில் முதல் முறையாக இந்த மனிதர் ஒருவர் வீட்டுக்கு வந்து ஜன்னலைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். எனக்காக. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படி ஒரு ஆளை நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

ஹேண்ட்பேக்கைத் திறந்தேன். டேப்பை எடுத்துக்கொண்டு ஜன்னலிடம் போனேன்.

"ஞானஜோதி அக்கா, அந்த ஸ்டூலைக் கொஞ்சம் இப்படிப் போடுறீங்களா?"

டேப் நீளும் சத்தத்தைக் கேட்டு என் கணவர் நிமிர்ந்தார். டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாய் திறந்தபடி இருந்தது. பிறகு தன்னை அறியாமல் சொன்னார்:

"நடுவுல மட்டும் பிடிக்காத சித்திகா. மூணு இடம்."

"தெரியும் மச்சான். எழுதிக்குங்க. மேல நாலடி ரெண்டரை இன்ச். நடுவுல நாலடி ரெண்டு. கீழ நாலடி ஒண்ணே முக்கால்."

"ஒண்ணே முக்காலா? சரியாப் பாரு."

"பார்த்துட்டேன்."

"அப்ப அதுதான் அளவு. உயரம் சொல்லு."

சொன்னேன். அடுத்த ஜன்னலுக்குப் போனேன். அவரும் எழுந்துவந்து டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கையில் டேப், முழங்காலை மடக்கி அதன் மேல் தாளை வைத்து இன்னொரு கையால் எழுத்து. ஹாலில் மூன்று, பெட்ரூமில் இரண்டு. முகத்தில் ஒரு வாரமாகக் காணாமல்போயிருந்த ரத்தம் திரும்பியிருந்தது.

ஜீவானந்தம் சார் ஒரு பஜ்ஜியைப் பாதியில் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்.

"கிபாயத், நீங்க எழுதிக்கிட்டு இருக்கிறது அப்பாயின்ட்மென்ட் லெட்டர்."

இவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் அவர் பெயர், பதவி, ஆபீஸ் நேரம், எல்லாம் அழகாக அச்சடித்திருந்தது. பின்பக்கம் ஐந்து ஜன்னல். அவர் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார். பதினாலு வருடமாக எத்தனையோ வீடுகளில் அந்தப் பார்வைக்கு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குத் திருப்பிக்கொள்ளவில்லை.

ஞானஜோதிதான் முதலில் சிரித்தார். ஜீவானந்தம் சார் பஜ்ஜியின் மீதியை வாயில் போட்டு, மென்று முடித்து, சாத்தியிருந்த ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"சரி, எப்ப மாட்டுவீங்க?"

"நாளைக்கே வர்றோம் சார்" என்றேன். "திங்கட்கெழமை இவருக்கு வேலை ஒண்ணும் இல்ல."